சிவப்புப் பொட்டு

பிரிஸ்பேனுக்கு வடக்கே நெடுஞ்சாலை வளைகிற இடத்தில்
சின்ன எழுத்தில் பெயர் எழுதிய கட்டடம்.
இரண்டு மீட்டர் கான்கிரீட். உள்ளே ஆறு மீட்டர் ஆழத் தண்ணீர்.
அடியில் கோபால்ட் கோல்கள்
நீலமாய் எரிந்துகொண்டிருக்கும்,
புகையில்லாமல், சத்தமில்லாமல்,
சம்பளமும் இல்லாமல் என்பான் டாரல்.

பதினேழு வருஷம் இரவு ஷிஃப்ட்.
மாம்பழம் வரும், நியூசிலாந்து போக.
மிளகு வரும். ஊசி வரும், கட்டுத்துணி வரும்.
நோய் விழுந்த தேன்கூட்டுச் சட்டங்கள் வரும்,
ஒரு தேனீயும் இல்லாமல்.
பெட்டிக்கொரு மஞ்சள் பொட்டு ஒட்டுவோம்.
அறையைச் சுற்றி வெளியே வரும்போது சிவந்திருக்கும்.
எனக்குத் தெரிந்த சாட்சி அவ்வளவுதான்.

கேட்பவர்களுக்கு ஒரு பதில் வைத்திருந்தேன்,
கசாப்புக் கடையில், முடிவெட்டும் நாற்காலியில்:
"ஜன்னல் வழியே வந்த வெயில் போன பிறகு
அறைக்குள் வெயிலைத் தேடுவீர்களா?
பழத்தில் எதுவும் தங்காது."
உண்மைதான். இன்றைக்கும் அது உண்மை.
பக்கத்து வீட்டு யுவோன் கட்மோர் மட்டும்
வாயில் கடித்திருந்த துணிக் கிளிப்பை எடுத்துவிட்டு,
"வெயில் போய்விடும், சரி, மெர்வ்.
திரைச்சீலை வெளுத்துப் போகிறதே?" என்றாள்.
நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

அவள் பூனை கிப்பர்.
மே மாதம் வேலியில் தாவப் போய் விழுந்தது.
விழுந்த பூனைக்கு முதலில் வருவது வெட்கம்.
ஒன்றும் நடக்காததுபோல் முன்னங்காலை நக்கியது.
ஜூனில் பின்னங்கால்கள் குடிகாரன் கால்கள்.
ஜூலையில் அவையும் இல்லை.
கம்பளத்தில் இடுப்பை இழுத்து இழுத்துக்
கிண்ணத்துக்குப் போனது.
அதே கிண்ணத்துக்கு.

யுவோனுக்குக் கார் ஓட்ட வராது. நான்தான் கூட்டிப்போனேன்.
"தண்டுவடத்தில் நரம்பின் மேலுறை உரிந்திருக்கிறது,
எலி கடித்த வயர் மாதிரி" என்றார் டாக்டர் பெட்ரா.
இப்படியே இன்னும் நான்கு பூனைகள்.
நான்கு வீட்டிலும் ஒரே தீனிப் பை,
கடல் தாண்டி வந்தது, விலை கூடியது.
துறைமுகத்தில் கதிர் காட்டித்தான் உள்ளே விட்டார்களாம்.
நாய் தின்றால் ஒன்றுமில்லை. பூனைக்கு மட்டும் ஏன்?
"தெரியாது" என்றார்,
அந்தச் சொல்லைப் பாதியில் விழுங்காமல்.

பையின் பெயர் கேட்டதும்
பதிவேட்டைப் புரட்டத் தேவைப்படவில்லை.
பிப்ரவரி. நாற்பத்தெட்டுப் பெட்டி.
மாம்பழத்துக்குக் கொடுப்பதைப்போல் முந்நூறு மடங்கு.
கோல்களை உயர்த்தும் பொத்தானில் இருந்தது என் விரல்.
பொட்டு சரியாகச் சிவந்திருந்தது.
கையெழுத்தும் சரியாக இருந்தது.

டாக்டர் ஊசியைப் பிரித்தார்.
அவர் பின்னால் அலமாரியில் ஊசிப் பெட்டி,
மூலையில் சிவப்புப் பொட்டு.
எங்கள் பொட்டு.
அது இல்லாவிட்டால் குத்திய இடம் சீழ் பிடிக்கும்.
தீனி இல்லாமலிருந்தால் குத்தவே வேண்டாம்.
இரண்டையும் ஒரே ராத்திரியில்கூட நான் செய்திருக்கலாம்.

அன்று மாலையே யுவோனிடம் சொன்னேன்.
துவாலைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.
கடைசித் துவாலை வரை மடித்தாள்.
"ஆறு மாதம் வேகவைத்த கோழி கையால் ஊட்டணுமாம்.
செவ்வாயும் வியாழனும் நீ."

வேலையை விடவில்லை. மாம்பழம் சாப்பிடுகிறேன்,
எங்களிடம் வந்து போனதையும்.
யாராவது கேட்டால் வெயில் கதை சொல்கிறேன்,
இப்போது திரைச்சீலை வரைக்கும்.
ஐம்பதைத் தாண்டிய ஒருவர் அதற்குள்
பேச்சை மாற்றி மழையைப் பற்றிக் கேட்டார்.

அக்டோபரில் கிப்பர் நான்கு காலில் நின்றது,
புதிதாய் வாங்கிய மேஜைபோல் கொஞ்சம் ஆடிக்கொண்டு.
வியாழக்கிழமை.
முதலில் என் விரல்களை முகர்ந்தது, வெகு நேரம்.
பிறகுதான் கோழியை.